ஆவாது எம்.எல்.ஏ.

எங்கள் பக்கத்தில் ‘முடியாது’ என்ற சொல் பள்ளிக்கூடப் புத்தகத்தில்தான் உண்டு. வாயில் வருவது ‘ஆவாது’தான். எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திராவுக்குள் நுழைந்தாலும் இந்தச் சொல் செல்லும். அங்கே ‘அவ்வது’ என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு மாநிலத்துக்கும் புரிகிற இந்த ஒரு சொல்லைத்தான் எங்கள் தொகுதியின் எம்.எல்.ஏ. பதவியில் இருந்த காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ‘ஆவாது எம்.எல்.ஏ.’ என்று பெயரே வந்துவிட்டது. அவளுடைய சொந்தப் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

எம்.எல்.ஏ.வைப் போய் ‘அவள்’ என்கிறேனே என்று கட்சிக்காரர்கள் யாரும் கோபிக்க வேண்டாம். முதலில் நானும் ‘மேடம்’ என்றுதான் கூப்பிட்டேன். “இன்னாக்கா மேடம் மேடம்னு, வெயில்ல குடை புடிக்கிற மாதிரி கீது. பாப்பான்னே கூப்புடு” என்று அவளேதான் சொன்னாள். அவள் வயது அப்போது முப்பதுகூட இல்லை. என் கடைசித் தங்கையைவிடச் சின்னவள்.

புதுவாயல் கூட்டு ரோட்டில் எம்.எல்.ஏ. அலுவலகத்தின் கேட்டை ஒட்டினாற்போல இருப்பது என் ஜெராக்ஸ் கடை. மனு கொடுக்க வருகிறவர்கள் என்னிடம் காப்பி எடுத்துக்கொண்டுதான் உள்ளே போவார்கள். வெளியே வருகிறவர்கள் உள்ளே நடந்ததை என்னிடம் கொட்டாமல் பஸ் ஏறமாட்டார்கள். நானும் பல எம்.எல்.ஏ.க்களைப் பார்த்துவிட்டேன். கட்சி வேறு, கரை வேட்டி வேறு, வாய் மட்டும் ஒன்றுதான். ‘பார்க்கலாம்’ என்பார்கள். ‘ஃபைல் மேல போயிருக்கு’ என்பார்கள். ‘அடுத்த வாரம் வாங்க’ என்பார்கள். ஜனமும் அடுத்த வாரம் வரும், மறுபடி காப்பி எடுக்கும். பொய் சொல்லுவானேன், என் பிழைப்பு அந்த அடுத்த வாரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதில் மண்ணைப் போட வந்து சேர்ந்தாள் இந்தப் பெண்.

அவள் பதவிக்கு வந்த புதிதில், எளாவூரில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவர் தன் மகனுக்கு அரசாங்க வேலைக்குச் சிபாரிசு கேட்டு வந்தார். கழுத்தில் தங்கச் சங்கிலி, கையில் ஆப்பிள் பை. உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார். முகம் வெந்துபோயிருந்தது.

“இன்னாண்ணே ஆச்சு?” என்றேன்.

“பையன் பரீட்சை எழுதினானான்னு கேட்டுது. எழுதலன்னேன். அப்போ ஆவாதுண்ணே, நான் லெட்டர் குடுத்தாலும் அத்த வாங்கி டேபிளுக்குக் கீழ போட்டுடுவாங்க, மொதல்ல படிக்கச் சொல்லுங்கன்னுது. சேர்லேர்ந்து எழுந்து நின்னுக்கினு வேற சொல்லுது! ஆப்பிளையும் திருப்பிக் குடுத்துடுச்சி. இன்னாம்மா இது, ஒரே பேஜாரா கீது! ஓட்டுப் போட்டமே, நமக்காக ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதா?”

அந்த ஆப்பிளில் இரண்டை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த எழுந்து நிற்கிற விஷயத்தைப் பற்றி அவளிடமே பிறகு கேட்டேன். “குந்திக்கினே ஆவாதுன்னு சொன்னா திமிரு மாதிரி தெரியும்க்கா” என்றாள். அதனால் அவள் நாள் முழுக்க எழுந்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாலே என்ன பதில் என்று தெரிந்துவிடும். வரிசையில் காத்திருப்பவர்கள், “தோ, எழுந்துட்டா” என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்றால், தொழிற்பேட்டையிலிருந்து வந்தது. அரசியலுக்கு வருமுன் அவள் அங்கே வண்டிகளுக்கு பிரேக் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கிங் பார்த்தவள். சரியாக இல்லாத சாமானின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவதுதான் வேலை. “ஐயோ பாவம்னு சரியில்லாததுக்கு சரின்னு ஒட்டுனா, எங்கியோ ஒரு லாரி நிக்காம போயிடும்க்கா” என்பாள். ஒட்டின கை, எம்.எல்.ஏ. ஆன பிறகும் ஒட்டிக்கொண்டே இருந்தது. காலிலும் அந்தக் கம்பெனி கொடுத்த கனமான கறுப்பு ஷூதான். மேலே கட்சிக் கரை போட்ட காட்டன் சேலை, கீழே ஷூ. சேலை கட்டவே ஜெயித்த பிறகுதான் கற்றுக்கொண்டாள், அதுவும் சரியாக வரவில்லை. கூட்டத்துக்குப் போகும் அவசரத்தில் என் கடைக்குள் நுழைந்து, “அக்கா, கொசுவத்த கொஞ்சம் பாரேன்” என்று நிற்பாள். சட்டமன்ற உறுப்பினரின் கொசுவத்தைச் சரிசெய்த கை இது.

அவளுக்கு சீட்டு கிடைத்த கதையும் வேடிக்கைதான். கட்சியில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. மாவட்டச் செயலாளர் ‘மாவட்டம்’, ஒன்றியச் செயலாளர் ‘ஒன்றியம்’. “மாவட்டம் சாப்டுச்சா?” “ஒன்றியம் தூங்குது” என்றெல்லாம் பேசிக்கொள்வார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டால் குழம்பிப் போவார்கள். அந்தத் தேர்தலில் எங்கள் ஒன்றியத்துக்கும் பக்கத்து ஒன்றியத்துக்கும் சீட்டுக்காக அடிதடி. யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர் கவிழ்ப்பார் என்று பயந்த மாவட்டம், இருவருக்கும் இல்லாமல் இளைஞர் அணியில் போஸ்டர் எழுதிக்கொண்டிருந்த இவளைப் பிடித்து நிறுத்திவிட்டார். படித்த பெண், விவசாயி மகள், கம்பெனி வேலை என்று எல்லாத் தரப்புக்கும் பொருந்தி வந்தாள். ஐந்து வருடம் தலையாட்டுவாள் என்று அவர் நினைத்தார். தலையாட்டத்தான் செய்தாள், பக்கவாட்டில்.

வீட்டு ஆட்களுக்கும் அதே கதிதான். அவளுடைய அப்பாவுக்குக் கொஞ்சம் நெல் நிலம் உண்டு. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவள் அவரை நைனா என்பாள். அவர் இலவச மின் இணைப்புக்கு எழுதிப் போட்டு வரிசையில் காத்திருந்தவர். மகள் எம்.எல்.ஏ. ஆனதும், இனி நம் போர்செட்டு ஓடிவிடும் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். “ஆவாது நைனா. உனக்கு முன்னாடி எத்தினி பேரு கீறாங்க, அவுங்களுக்கு யாரு எம்.எல்.ஏ?” என்று சோற்றுத் தட்டின் முன்னால் வைத்துச் சொல்லிவிட்டாளாம். மனிதர் என் கடைக்கு வந்து புலம்பினார். “ஊரு பொண்ணுங்கல்லாம் அப்பனுக்குச் செய்யுதுங்க. எனக்குன்னு பொறந்துது பாரு, தாசில்தாரு மாதிரி.” சொல்லும்போது அவர் மீசைக்குக் கீழே பெருமை ஒளிந்திருந்ததை நான் பார்த்தேன்.

கல்யாணப் பத்திரிகை விஷயத்தில் அவள் செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். எந்தப் பத்திரிகை கொடுத்தாலும் ‘கண்டிப்பா வர்றேன்’ என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதுதான் எம்.எல்.ஏ. மரபு. இவள் பத்திரிகையைப் பிரித்துத் தேதி பார்ப்பாள். “ஆவாதுண்ணே, அன்னிக்கு சட்டசபை கீது. மறுநாள் காலைல ஊட்டாண்ட வர்றேன், மீந்தது எதனா இருந்தா எடுத்து வைங்க” என்பாள். சொன்னபடி போய் நிற்பாள். கல்யாண வீட்டார் பந்தலைப் பிரித்துக்கொண்டு அழுக்கு லுங்கியோடு இருப்பார்கள். எம்.எல்.ஏ. அடுக்களையில் உட்கார்ந்து பழைய வடகறியை நாஷ்டாவாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். போட்டோக்காரரும் போயிருப்பார். ஆனால் அந்த வீடுகளில் இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டசபையிலும் அவள் வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் பக்கத்து ஏரியில் கம்பெனித் தண்ணீர் கலந்து நாறுவதைப் பற்றிக் கேள்வி கேட்டாள். அமைச்சர் எழுந்து, அரசின் பரிசீலனையில் உள்ளது என்று நீளமாகப் பதில் சொன்னார். இவள் விடாமல், “ஆவுமா, ஆவாதா சார்?” என்று கேட்டுவிட்டாள். சபை முழுக்கச் சிரிப்பு. அந்தச் சொல்லை அவைக்குறிப்பில் எப்படி எழுதினார்களோ தெரியாது. எங்கள் ஊர் டீக்கடையில் அதை டிவியில் பார்த்துக் கைதட்டினோம். சொந்தக் கட்சி அமைச்சரையே கேட்டுவிட்டாள் என்று மாவட்டத்துக்குத்தான் வயிற்றெரிச்சல்.

அவள் எப்போதும் சரியாகச் சொன்னாள் என்று நினைக்க வேண்டாம். உள்ளடங்கிய ஒரு கிராமத்துக்கு பஸ் கேட்டு வந்தார்கள். ரோடு குறுகல், பஸ் திரும்பாது, ஆவாது என்று எழுந்து நின்று சொல்லி அனுப்பிவிட்டாள். நம்ம ஒன்றியம் சும்மா இருப்பாரா? அவருடைய வாய் இவளுக்கு நேர் எதிர். எதைக் கேட்டாலும் ‘ஆயிடும்’ என்பார். மழை வருமா என்றாலும் ஆயிடும், மாடு ஈனுமா என்றாலும் ஆயிடும். எங்கோ யாரையோ பிடித்து ஒரு மினி பஸ்ஸை அந்த ஊருக்கு விட்டுவிட்டார். மாலை, பட்டாசு எல்லாம் அவருக்கு. கூட்டத்தோடு கூட்டமாக இவளும் போய் முதல் சவாரியில் டிக்கெட் எடுத்து நின்றுகொண்டே போனாள். இறங்கும்போது, “நான் ஆவாதுன்னேன். தப்பு. சின்ன பஸ்ஸுன்னு எனக்குத் தோணல. ஒன்றியம்தான் கரெக்ட்டு” என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஜெயித்தவரைப் போலவே இல்லை.

என்னையும் அவள் விடவில்லை. என் வீட்டுக்காரர் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட்டில் இருந்தார். ‘பெர்மனென்ட் ஆயிடும்’ என்று சூப்பர்வைசர் வருடாவருடம் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்களும் வருடாவருடம் நம்பிக்கொண்டிருந்தோம். பக்கத்திலேயே எம்.எல்.ஏ. இருக்கிறாளே, கொசுவம் எல்லாம் சரிசெய்திருக்கிறோமே என்று ஒரு நாள் வாய் விட்டுக் கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். இரண்டு நாள் கழித்து கடைக்குள் வந்தாள். நான் ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். உட்காரவில்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“ஆவாதுக்கா. அந்த லைன்ல மெஷின மாத்தப் போறாங்க. இருக்கிற ஆளுங்களையே கொறைப்பாங்க. மாமாவ இப்பவே வேற எடம் பாத்துக்கச் சொல்லு.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “பத்து பேருக்கு ஆவாதுன்னு சொன்ன வாயி, கூடப் பொறந்தவ மாதிரி இருக்கிறவளுக்கும் அதையேதான் சொல்லுமா?” என்று கத்திவிட்டேன். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் அலுவலகத்திலிருந்து காப்பிக்கு வந்தால் மை குறைந்த மெஷினில் மங்கலாகப் போட்டுக் கொடுத்தேன். இதெல்லாம் ஒரு பழிவாங்கலா என்று சிரிக்காதீர்கள், ஜெராக்ஸ்காரி வேறு எப்படிப் பழிவாங்குவது? என் வீட்டுக்காரரோ அவள் மேல் இருந்த கடுப்பிலேயே வேறு கம்பெனியில் போய் விண்ணப்பம் போட்டார். அங்கே வேலையும் கிடைத்தது. அவர் மாறிய சில மாதத்தில் அந்த லைனை மூடினார்கள். நம்பிக் காத்திருந்த மற்றவர்கள் தீபாவளிக்கு வீட்டில் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவளுடைய காப்பியெல்லாம் பளிச்சென்று போனது.

எப்போதாவது ‘ஆவும்’ என்பாள். அப்படிச் சொன்னால் உட்கார்ந்தபடியே சொல்வாள். ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் பெண்களைக் கம்பெனி பஸ் ஹைவேயிலேயே இறக்கிவிட்டுப் போகிறது, சர்வீஸ் ரோடு இருட்டு என்று கேட்டு வந்தார்கள். “ஆவும்” என்றாள். மழைக்காலத்துக்குள் விளக்கு வந்துவிட்டது. அப்படி அவள் ஆவும் என்றது எதுவும் ஆகாமல் போனதில்லை. போகப் போக ஜனத்துக்கு இது பழகிவிட்டது. ஆவாது என்றால் வேறு வழி பார்த்தார்கள், ஆவும் என்றால் நிம்மதியாகத் தூங்கினார்கள். என் வியாபாரம் மட்டும் படுத்தது. பத்து தடவை வந்த ஆட்கள் ஒரே தடவையில் முடித்துக்கொண்டு போனால் நான் யாருக்குக் காப்பி போடுவது? பீகார், ஒடிசா பையன்களின் ஆதார் அட்டைதான் என்னைக் காப்பாற்றியது.

ஜனம் அவள் வாயை நம்புகிறது என்பது மாவட்டத்துக்கும் தெரியாமல் இல்லை. அடுத்த தேர்தல் நெருங்கிய நேரத்தில் அவர் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். நான் அவள் அலுவலகத்துக்குள் காப்பிக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் ஆளாகவே எண்ணவில்லை, அதனால் முழுப் பேச்சும் காதில் விழுந்தது.

“நாளைக்குக் கூட்டத்துல, வர்ற ஜூன்ல இங்க பொம்பளப் புள்ளைங்களுக்கு காலேஜ் தொறக்கப் போவுதுன்னு நான் அறிவிக்கப் போறேன்” என்றார் மாவட்டம்.

“எடம் எங்கண்ணே?”

“எடம் பாத்துக்கலாம்.”

“பட்ஜெட்ல டப்பு ஒதுக்கிக்கிறாங்களா?”

“அதெல்லாம் ஜெயிச்சிட்டு வந்து பாத்துக்கலாம். இதப் பாரும்மா. நான் சொன்னா கை தட்டுவானுங்க. நீ சொன்னா நம்புவானுங்க. மைக்க உன் கைல குடுப்பேன். ஆவும்னு ஒரே வார்த்தை. சீட்டு உனக்கு. இல்லன்னா உனக்கே தெரியும், ஒன்றியம் வாசல்ல நிக்கிது.”

அவர் போனதும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அவள் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். “சொல்லித் தொலையேன் பாப்பா. ஒரு வார்த்தைதானே. ஊர் உலகத்துல யாரும் சொல்லாத பொய்யா?”

“பன்னெண்டாவது பரீட்சை எழுதுற பொண்ணுங்கல்லாம் கூட்டத்துல இருக்கும்க்கா. நான் ஆவும்னா, இங்கியே காலேஜ் வருதேன்னு ஊட்ல வேற எங்கியும் சேக்க மாட்டாங்க. ஜூன் வரைக்கும் குந்திக்கினு இருக்கும். காலேஜ் வராது. அப்பால அதுங்களுக்கு மாப்பிள்ளைதான் வருவான்.”

“அப்போ சீட்டு?”

அவளுக்கும் ஆசை இருந்தது. ஏரி வேலை பாதியில் நின்றிருந்தது, அதை முடிக்க இன்னும் ஒரு தடவை வேண்டும் என்று பலமுறை சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மறுநாள் கூட்டு ரோட்டில் நல்ல கூட்டம். மாவட்டம் கல்லூரியை அறிவித்தார், பட்டாசு வெடித்தது. “நான் சொல்றது இருக்கட்டும், உங்க வீட்டுப் பொண்ணு சொல்லட்டும்” என்று மைக்கை அவள் கையில் கொடுத்தார். அவள் எழுந்து வந்தாள். மேடையில் பேச எல்லோருமே எழுந்துதானே ஆக வேண்டும், அதனால் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

“மாவட்டம் சொல்லிக்கிறாரு” என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

கூட்டம் காத்திருந்தது. மாவட்டமும் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். முன்வரிசையில் மகளைத் தோளோடு அணைத்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டாள். “அவுரு சொன்னது கெடக்கட்டும்மா. நீ இன்னா சொல்ற?”

“பொன்னேரி காலேஜ்ல அப்ளிகேஷன் குடுப்பாங்க” என்றாள் இவள். “மொதல்ல அத்தப் போட்டு வைங்க.”

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி, கூட்டம் முழுக்கப் பரவி, லாரியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்த டிரைவர்கள்வரை போய்ச் சேர்ந்தது. மாவட்டமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மைக்கை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை. நீ செய்தது தப்பு, உனக்கு சீட்டு கிடையாது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவள் மாவட்டத்துக்குப் போன் போட்டு நேராகவே கேட்டாள். “உனக்கு இல்லாம யாருக்கும்மா?” என்றார். கட்சி ஆபீஸில் கேட்டாள். “உங்க பேருதான் மேடம் மொதல்ல கீது” என்றார்கள். ஒன்றியத்திடமே கேட்டாள். “ஆயிடும் பாப்பா” என்றார், வழக்கம்போல. உலகத்தில் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிறவள், தன் விஷயத்தில் அவர்கள் சொன்னதை நம்பிவிட்டாள். நைனா பிரச்சாரத்துக்கு வேன் பேசி வைத்தார். நான் புதுச் சேலைக்கு ஃபால்ஸ் வைத்துக் கொடுத்தேன்.

வேட்பாளர் பட்டியலை டிவியில் வாசித்தபோது டீக்கடையில் நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம், அவளும்தான். எங்கள் தொகுதி வந்தது, ஒன்றியத்தின் பெயரை வாசித்தார்கள். அதைக் கேட்டுவிட்டு அவள் நேராக அலுவலகத்துக்குள் போனாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஒன்றியத்துக்காகப் பிரச்சாரத்துக்கும் போனாள். “இவுரு செய்வாராம்மா?” என்று ஜனம் அவளைத்தான் கேட்டது. “நெறைய சொல்லுவாரு. பாதி நடக்கும்” என்றாள். அதுவே போதும் என்று ஓட்டுப் போட்டார்கள். ஒன்றியம் எம்.எல்.ஏ. ஆனார். அவள் தொழிற்பேட்டைக்குத் திரும்பிப் போய், வேறொரு கம்பெனியில் பழைய வேலையிலேயே சேர்ந்துவிட்டாள். ஜூன் வந்தது, கல்லூரி வரவில்லை. பொன்னேரி ரயிலில் எங்கள் ஊர்ப் பெண்கள் இடம் பிடிக்கச் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள்.

என் வியாபாரம் மறுபடி களைகட்டியது. கேட்டவர்களுக்கெல்லாம் ஆயிடும், அடுத்த வாரம் வாங்க. ஜனம் வருகிறது, காப்பி எடுக்கிறது, போகிறது. ஒரே ஒரு மாற்றம். வெளியே வருகிறவர்கள் என் கடை வாசலில் நின்று, “அந்தப் பாப்பாவுக்கு ஒரு போன் போடு, இது ஆவுமான்னு கேட்டுக்கறேன்” என்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போட்டால் எடுப்பாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, தெரிந்தால் சொல்வாள், தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்வாள். ஜெராக்ஸ் கடையில் இந்தச் சேவைக்குக் கட்டணம் கிடையாது.

போன மாதம் ஒரு மதியம் கடையில் ஆளே இல்லை. எம்.எல்.ஏ. தனியாக வந்து நின்றார். ஆமாம், ஒன்றியம்தான். பின்னால் ஒரு வேட்டிகூட இல்லை. நான் பதறி எழுந்தேன்.

“குந்து, குந்து” என்றார். தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “அந்தப் பாப்பாவுக்கு ஒரு போன் போடும்மா.”

“எதுக்குண்ணே?”

தயங்கினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மந்திரிங்கள மாத்தப் போறாங்களாம். உனக்குத்தான்னு மாவட்டம் சொல்லிக்கினே கீறாரு. ஊட்ல பொண்டாட்டி புள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிட்டேன். அதான்…” என்றார்.

போட்டுக் கொடுத்தேன். அவர் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் எனக்குக் கேட்டது.

“நல்லா கீறியாம்மா? … ஒன்னுமில்ல, இப்படி ஒரு பேச்சு … இல்ல, நேர்ல கூப்புடல, போன்லதான் … தலைமையிலேர்ந்தா? இல்ல, யாரும் பேசல … போட்டோ, பயோடேட்டா? இல்லியே, கேக்கல …” பேசப் பேச அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில், “சரிம்மா” என்று போனை என்னிடம் நீட்டினார். பேப்பர் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வேட்டியில் மை ஒட்டுமே என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

போனில் அவள் இன்னும் இருந்தாள். பின்னால் கேன்டீன் சத்தம் கேட்டது.

“அக்கா, அவுரு எப்படிக் கீறாரு?”

“உக்காந்துட்டாரு பாப்பா” என்றேன் மெல்ல.

“கடைய சாத்தி வெச்சிட்டு கொஞ்ச நேரம் அவுரு கூட இரு. ஒரு டீ வாங்கிக் குடு. மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும்க்கா. இருந்தாலும் அவுருக்குச் சொல்ல ஒரு ஆளு கீது. எனக்கு டிவிதான சொல்லுச்சி.”

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டீ வாங்கப் போனேன்.